கஞ்சித் தொட்டியும் கல்விக் கூடமும்

குமாரபாளையத்தின் மேற்கே காவிரி ஓடுகிறது, எதிர்க்கரையில் பவானி. ஆற்றைப் பாடிய புலவர் எண்ணற்றோர். அன்னை என்று அழைத்து, ஆடிப் பெருக்கன்று கரையில் நின்று கைகூப்புவோர் இன்றும் உளர். அதே ஊரின் உள்ளே, தறியோசை ஓயாத தெருக்களுக்கு இடையே, வேறொரு நீர்மமும் நாள்தோறும் ஓடுகிறது. அதற்குப் படையல் இட்டவர் இல்லை. பாட்டெழுதப் புலவரும் வந்ததில்லை. ஆயினும் ஊருக்குச் சோறு போடுவதில் அதற்கும் பங்கு உண்டு. பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைத்தான் சொல்கிறோம்.

காவிரி நீருக்கும் இந்தக் கஞ்சிக்கும் வேற்றுமை யாது? "ஒன்று தெளிவு, மற்றொன்று குழைவு" என்று எளிதில் விடை கூறிவிடலாம். அந்த எளிய விடைக்குள் ஓர் அறிவியலின் வரலாறு அடங்கிக் கிடக்கிறது. எவர் அறிந்தது அறிவு, எவர் அறிந்தது வெறும் பழக்கம் என்று இந்நாட்டில் தீர்ப்பெழுதி வைத்தவர்களின் வரலாறும் அதனுள்ளேயே கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

நூல் குடிக்கும் கஞ்சி

தறியில் ஏறும் பாவு ஆயிரக்கணக்கான இழைகளைக் கொண்டது. ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பற்களிலும் ஓயாது உராய்கிறது. நாடா ஓடும் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. வெறும் நூல் இதனைத் தாங்காது. பிசிறு எழும்பும், பக்கத்து இழையைப் பற்றும், அறுந்துபோகும். இழை அறுந்தால் தறி நிற்கும்; தறி நின்றால் கூலி நிற்கும். நெய்த அளவுக்கன்றோ நெசவாளிக்குக் கூலி!

ஆகவேதான் நூல் தறியேறுமுன் கஞ்சி குடிக்க வேண்டியிருக்கிறது. கைத்தறிக் காலத்தில் விடியற்பொழுதிலேயே தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டுவார்கள். தானியக் கஞ்சியைப் பூசுவார்கள். ஆடவரும் பெண்டிரும் இருமருங்கும் நின்று, இழையோடு இழை ஒட்டாதபடி நீண்ட தூரிகையால் நீவி உலர்த்துவார்கள். இன்று அந்த வேலை சைசிங் ஆலைக்குப் போய்விட்டது. ஆவியில் வெந்த கஞ்சித் தொட்டியில் பாவு மூழ்கி எழுகிறது. உருளைகளுக்கு இடையே பிழியப்படுகிறது. சூடேறிய உருளைகளின் மேல் உலர்ந்து பீமில் சுற்றிக்கொள்கிறது.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது? கஞ்சி நீர்த்திருந்தால் அது நூலின் நடுவரை ஊறிவிடும். நூல் விறைத்து ஒடியும், மேற்பிசிறோ அடங்காது. தடித்திருந்தால் மேலே மட்டும் படிந்து, தறியில் தூளாக உதிரும். உள்ளே சிறிது புகவும் வேண்டும், மேலே போர்வையாகப் படியவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நிலைக்கு நம் மக்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பதம்.

அந்தச் சொல்லின் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வெல்லம் காய்ச்சுவோர் பாகுக்குப் பதம் பார்க்கிறார். குயவர் மண்ணுக்குப் பதம் பார்க்கிறார். கொத்தனார் சுண்ணச் சாந்துக்குப் பதம் பார்க்கிறார். நம் தாய்மார் மாவுக்கும் களிக்கும் பதம் பார்க்கின்றனர். கஞ்சி காய்ச்சுபவர் கரண்டியை உயர்த்தி, ஒழுகும் இழை எங்கே அறுகிறது என்று நோக்குகிறார். இரு விரல்களுக்கிடையே ஒரு துளியை வைத்துப் பிரித்துப் பார்க்கிறார். அவர் கை அறிவதை அறிய உலகத்தின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அளந்தவர் யார்?

1687-இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் ஒரு கருத்தை முன்வைத்தார். நீர்மத்தின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது வழுக்கிச் செல்லும்போது எழும் தடை, அவ்வடுக்குகளின் விரைவு வேற்றுமைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது அது. நீர் அப்படித்தான் நடந்துகொள்கிறது, எண்ணெயும் அப்படியே. இருமடங்கு விசையோடு தள்ளினால் இருமடங்கு விரைவாக ஓடும். 1840-களில் பாரிசின் மருத்துவர் புவாசேய், குருதி எவ்வாறு நுண்குழாய்களில் ஓடுகிறது என்று அறிய விரும்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓட்டி அளந்தார். குழாயின் உட்கூடு இருமடங்கு அகன்றால் ஓட்டம் பதினாறு மடங்கு பெருகும் என்று கண்டார்.

ஆனால் குருதி நீரன்று, கஞ்சியும் நீரன்று, வண்ணப்பூச்சும் களிமண் குழம்பும் நீரல்ல. இவை நியூட்டனின் விதிக்கு அடங்கவில்லை. 1861-இல் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலார் இத்தகைய பொருள்களுக்குப் பெயர் தேடியபோது, பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொலாய்டு' என்று பெயர் அமைத்தார். ஓர் அறிவியலே பசையின் பெயரால் பிறந்தது! 1867-இல் மாக்ஸ்வெல் இன்னும் ஆழச் சென்றார். திண்மம், நீர்மம் என்ற பிரிவினை கல்லில் பொறித்ததன்று; ஒரே பொருள் நொடிப்பொழுதில் திண்மம்போல் எதிர்க்கும், நெடும்பொழுதில் நீர்மம்போல் ஓடும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இதற்குக் கண்கண்ட சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பிரிஸ்பேன் நகரப் பல்கலைக்கழகத்தில் 1927-இல் ஒரு புனலில் கீல் ஊற்றி வைத்தார்கள். சுத்தியால் அடித்தால் கண்ணாடிபோல் உடையும் அந்தக் கீல், 1930-இல் புனலின் அடி திறக்கப்பட்ட பிறகு 2014 வரையில் ஒன்பது சொட்டுகளாக ஒழுகியிருக்கிறது.

அமெரிக்காவில் யூஜின் பிங்கம் வண்ணப்பூச்சை ஆராய்ந்தார். தூரிகை இழுக்கும்போது ஓடும் பூச்சு, சுவரில் ஏறியதும் வழியாமல் நிற்பது ஏன்? ஓர் அளவு விசை வரும்வரை அது அசையாது. அந்த அளவைத் தாண்டினால்தான் ஓடத் தொடங்கும் என்று அவர் தெளிவுபடுத்தினார். 1920-இல் இந்தத் துறைக்கு 'ரியாலஜி' என்று அவர் பெயரிட்டார். நாம் பாய்வியல் என்போம். 1929-இல் அதற்கென்று ஒரு கழகமே அமைந்தது.

இனி, நம் கஞ்சியின் கதைக்கு வருவோம். மாவுக் கஞ்சி மெல்லிய குழாயில் எவ்வாறு ஓடுகிறது என்று முறையாக அளந்து, 1923-இல் கட்டுரை வெளியிட்டவர்கள் ஃபாரோ, லோ என்னும் இருவர். எங்கே? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை அடுத்த பருத்தித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில்! விசையை இருமடங்காக்கினால் கஞ்சியின் ஓட்டம் இருமடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. அதாவது, கலக்கக் கலக்க, பிழியப் பிழியக் கஞ்சி இளகுகிறது என்று அவர்கள் எண்களால் காட்டினார்கள்.

ஏன் இளகுகிறது? மாவின் மணிகள் 60, 70 பாகை வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு உப்புகின்றன. அவற்றினின்றும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியேறி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நெருக்கமும் சிக்கலும்தான் குழைவு. உருளை அழுத்தும் கணத்தில் சிக்கல் தளர்கிறது; கஞ்சி இளகி நூலுக்குள் புகுகிறது. அழுத்தம் நீங்கிய மறுகணம் சிக்கல் மீள்கிறது. கஞ்சி மேலேயே நிலைக்கிறது. அளவு மீறிக் காய்ச்சினால் உப்பிய மணிகள் உடைந்து, கஞ்சி மீளாதபடி நீர்த்துப்போகும். ஆறவிட்டால் சங்கிலிகள் பிணைந்து கட்டியாகும். தொட்டியை ஆறவிடாதே என்று மூத்த தொழிலாளி அதட்டுவது இதனால்தான்.

மான்செஸ்டருக்கு இதில் அக்கறை வந்த காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை நல்ல பருத்தி கிடைக்காமல், லங்காஷயர் ஆலைகள் கஞ்சியில் வெண்களிமண்ணைக் கலந்து துணிக்கு எடையேற்றப் பழகின. அந்தக் களிமண் துணி இந்தியச் சந்தைக்கும் வந்தது. அங்கே தறியில் நின்ற ஆங்கிலத் தொழிலாளியோ களிமண் தூளையும் ஆவியையும் சுவாசித்து நோயுற்றான். தறிக்கூடத்து ஈரத்துக்கு வரம்பு கட்ட 1889-இல் சட்டம் வந்தது. அளவறிந்த கஞ்சி உழைப்பவனின் மூச்சையும் காக்கும், வாங்குபவனின் காசையும் காக்கும். அளவறியாத கஞ்சி இரண்டையும் தின்னும். இதுவே அந்த வரலாறு தரும் முதற்பாடம்.

புகழ்ச்சி என்னும் பொறி

நூற்றாண்டுகளாகக் கஞ்சி காய்ச்சிய நாட்டில் கஞ்சியைப் பற்றிய கணக்கு ஏன் பிறக்கவில்லை? நம்மவர்க்கு அறிவு இல்லையா? கை அறிந்திருந்தது. கைக்கும் ஏட்டுக்கும் இடையே சுவர் எழுப்பப்பட்டிருந்தது. ஏடு படித்தவன் தொட்டியைத் தொட்டால் தீட்டு. தொட்டியில் உழைத்தவன் ஏட்டைத் தொட்டால் குற்றம். இரண்டும் சந்திக்காத சமுதாயத்தில் அறிவியல் எங்ஙனம் பிறக்கும்? புவாசேய் மருத்துவர், ஆயினும் குழாயையும் நீரையும் தம் கையால் கையாண்டார். பிங்கம் பேராசிரியர், ஆயினும் பூச்சுக்காரனின் பொருளை ஆராய வெட்கப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கைத்திறனை நாம் போற்றுகிறோம். அந்தப் போற்றுதலையே பொறியாக்கியவர்களும் உண்டு. 1953-இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வியில் ஒரு திட்டத்தைப் புகுத்தினார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! தொழிலின் மேன்மை, கையின் அருமை என்றெல்லாம் அதற்கு விளக்கம் தந்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதன் உண்மைப் பெயரைச் சொல்லிப் பெரியார் எதிர்த்தார், தி.மு.கழகத்தின் மும்முனைப் போராட்டத்தில் அதுவும் ஒரு முனையாயிற்று. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார்.

அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கஞ்சி காய்ச்சுபவர் மகன் கஞ்சியின் பதத்தைத் தந்தையைப் போலவே அறிந்திருப்பான். தந்தையைப் போலவே அதைச் சொல்லத் தெரியாமலும் இருந்திருப்பான். வெப்பநிலை என்ன, மாவின் விகிதம் என்ன, எத்தனை நாழிகை வேக வேண்டும் என்று எழுதி வைக்க அவனுக்கு எழுத்து வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கு வேண்டும். எழுதப்படாத அறிவு கையோடு பிறந்து கையோடு சாகிறது. எழுதப்பட்ட அறிவோ எவர்க்கும் உரியதாகிறது. அதனைத் திருத்தலாம், மறுக்கலாம், மேலும் வளர்க்கலாம். கையைப் புகழ்ந்து கல்வியை மறுப்பவன், அந்தக் கையை என்றென்றும் தனக்கு ஊழியம் செய்ய வைக்கவே புகழ்கிறான்.

இன்றும் "மரபறிவு" என்று மாலை சூட்டி, மரபுக்காரனின் மகனை மரபிலேயே நிறுத்த முயலும் குரல்கள் கேட்கின்றன. மரபில் அறிவு உண்டு, மறுக்கவில்லை. அதற்கு நாம் செய்யும் மரியாதை, அதை அளந்து பார்ப்பதுதான். அளவில் தேறியதை வைத்துக்கொள்வோம், தேறாததைத் தள்ளுவோம்.

உருகும் குருதியும் உண்ணும் பிள்ளையாரும்

பதம் அறியும் அறிவியலுக்கு நூலோடு மட்டும்தான் தொடர்பு என்று எண்ண வேண்டா. ஒழுகுவதும் உறைவதும் எவ்வாறு என்று அறியாத மக்களிடம் ஒழுகலும் உறைதலும் அற்புதமாக விற்கப்படுகின்றன.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் சனுவாரியு என்ற புனிதரின் குருதி என ஒரு குப்பியைக் காட்டுகிறார்கள். கட்டியாக உறைந்திருப்பது, விழா நாளில் குரு எடுத்து அசைத்துக் காட்டும்போது இளகி ஓடுகிறது. 1389 முதல் இதற்குக் குறிப்பு உண்டு. 1991-இல் கர்லாஸ்கெல்லி என்ற வேதியியலாரும் அவர் தோழர்களும் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் தந்தனர். இரும்புக் குளோரைடு, சுண்ணாம்புப் பொருள், உப்பு ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு செங்கபில நிறக் குழைமம் ஒன்றை ஆக்கிக் காட்டினர்; அசைத்தால் இளகும், விட்டால் இறுகும். பதினான்காம் நூற்றாண்டிலேயே கிடைத்திருக்கக்கூடிய பொருள்கள்தாம் அவை. குப்பியைத் திறந்து ஆராய இசைவு இல்லாமையால், உள்ளிருப்பது இதுவேதான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை; அற்புதம் இல்லாமலும் இது நிகழும் என்று மெய்ப்பித்தனர். அறிவியலின் நேர்மை இது. தெரிந்த அளவுக்கே சொல்வது.

நம் நாட்டுக் கதை வெட்கம் தருவது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி பரவி, இந்தியா முழுதும் கோவில்களில் கூட்டம் அலைமோதியது. டில்லிக் கோவில் ஒன்றில் அறிவியலார் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்தனர். பால் வயிற்றுக்குள் போகவில்லை. சிலையின் மேல் மெல்லிய படலமாய் வழிந்து இறங்கியது. கரண்டியின் விளிம்பைத் தொட்ட ஈரக்கல், பரப்பு இழுவிசையால் பாலை இழுக்கிறது. பிறகு புவியீர்ப்பு அதைக் கீழே கொண்டுபோகிறது. நூலிழை தொட்டவுடன் கஞ்சி ஏறுவதை நாள்தோறும் காணும் நெசவாளிக்கு இதில் வியப்பென்ன இருக்கிறது? அவன் கண் கண்டதை அவன் அறிவுக்குக் கொண்டுசேர்க்க யாரும் இல்லாமையால்தான் அவனும் அன்று பால் செம்போடு வரிசையில் நின்றான்.

கோப்பையும் கடிகாரமும்

விடுதலைக்குப் பின் நம் நாட்டிலும் இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. 1950-இல் புனேயில் அமைந்த தேசிய வேதியியல் ஆய்வகத்தில் மஷேல்கர் போன்றோர் பாலிமர்களின் ஓட்டத்தை ஆராய்ந்தனர். பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சந்திரசேகரும் அவர் குழுவினரும் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான நீர்மப் படிகங்களைக் கண்டறிந்தது உலகம் ஏற்ற சாதனை. கோவையில் 1956-இல் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 1959-இல் நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யிலும் இன்று இத்துறை ஆய்வுகள் நடக்கின்றன. மென்பொருண்மை என்னும் இத்துறையை வளர்த்த பிரெஞ்சு அறிஞர் தெ ஜென் 1991-இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு ஏற்புரையில் அவர் முதலில் எடுத்துக்காட்டியது யாரை? ரப்பர் மரப் பாலைக் காலில் பூசிக் காலணி செய்துகொண்ட அமேசான் பழங்குடியினரை! அவர்கள் கையின் வேலையில் எத்துணை வேதியியல் இருந்தது என்று அவர் விளக்கினார்.

அதே தென்னமெரிக்க மண்ணின் கிழங்குதான் நம் குச்சிக்கிழங்கு. 1943 வாக்கில் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கிய ஜவ்வரிசி, கிழங்கு மாவுத் தொழில் இன்று சேலம், நாமக்கல் வட்டாரமெங்கும் பரவியிருக்கிறது; 1981-இல் அதற்கெனக் கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 என்ற வகையை நம் உழவர் பெரிதும் பயிரிட்டனர். மாவு இங்கே விளைகிறது. தறி இங்கே ஓடுகிறது. கஞ்சி இங்கே கொதிக்கிறது. அந்தக் கஞ்சியை அளக்கும் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் மட்டும் நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள்?

இது வெறும் பெருமைக்கான கேள்வியன்று. வெளுப்புக்கோ சாயத்துக்கோ போகும் துணியிலிருந்து கஞ்சியை முதலில் நீக்கியாக வேண்டும். அந்த மாவு கழிவுநீரில் கலக்கிறது. ஆற்றை அடைந்தால் அதனைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. வேண்டிய அளவுக்கு மேல் போட்ட ஒவ்வொரு படிக் கஞ்சியும் முதலில் காசைத் தின்கிறது. பிறகு காவிரியைத் தின்கிறது. ஆற்றுக்குப் பூத்தூவி வழிபடுவோர் அதைக் காக்கவில்லை. பதத்தை அளந்து, கஞ்சியைக் குறைப்பவரே காப்பவர்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை, தோழர்களே! அடியில் துளையிட்ட ஒரு கோப்பை, அது வடியும் நொடிகளை எண்ண ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு முறையும் மாவு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, கோப்பை வடிய எத்தனை நொடி, அன்று தறியில் எத்தனை இழை அறுந்தது என்று எழுதுங்கள். ஒரு திங்களில் உங்கள் ஏட்டில் பிறப்பது 1923-இல் மான்செஸ்டரில் பிறந்த அதே அறிவியல்தான். மூத்த தொழிலாளியை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் விரல் சொல்வதையும் கோப்பை சொல்வதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். எங்கே இரண்டும் ஒத்துவருகின்றனவோ அங்கே அவர் மகிழ்வார். எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே இருவரும் கற்பீர்கள். உங்கள் தங்கையரையும் அந்த ஏட்டில் எழுத அழையுங்கள். தெருப் பாவில் தூரிகை பிடித்து நின்ற கைகளில் அவர்கள் பாட்டிமார் கைகளும் உண்டு.

ஈரோட்டில் 1925-இல் 'குடியரசு' தொடங்கியபோது, குமாரபாளையத்துக்கு அது பக்கத்து ஊரின் ஏடு. "ஏன்?" என்று கேட்கும் துணிவை அந்த ஏடு நமக்குத் தந்தது. "எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கத்தை நாம் இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. முதற் கேள்வி பொய்யைத் தகர்க்கும். இரண்டாவது கேள்வி மெய்யைக் கட்டும். கட்டும் வேலை கஞ்சித் தொட்டியருகிலேயே தொடங்கட்டும்.